தாமதமாக விழுந்த கத்தி

பகல் ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்த நேரத்தில் கம்பி எகிறியது.

கம்பி ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு எகிறல் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. உலையிலிருந்து வரும் இரும்புக்கட்டை வரிசையாக நிற்கும் உருளை ஜோடிகளுக்கு நடுவே புகுந்து, நசுங்கி நசுங்கி நீண்டு, கடைசியில் விரல் தடிமன் கம்பியாக, ஓடுகிற பஸ்ஸை முந்தும் வேகத்தில் வெளியே வரும். வழியில் எங்காவது அதன் தலை முட்டிக்கொண்டால் தலை மட்டும்தான் நிற்கும். பின்னால் வருவது நிற்காது. நெருப்பு நிறத்தில் சுருள் சுருளாகக் கிளம்பி, எந்தப் பக்கம் வழி கிடைக்கிறதோ அந்தப் பக்கம் பாயும்.

அன்று அது மஞ்சள் தடுப்பைத் தாண்டிப் பக்கவாட்டில் பாய்ந்தது. முதல் சுருள் தண்ணீர்க் குழாயை அறுத்து நீராவியைக் கிளப்பியது. அடுத்த சுருள், நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் பையனின் வலது காலில் விழுந்து சுற்றியது.

மாடியில் கன்ட்ரோல் ரூமின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவள் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஆபரேட்டர் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டார். ஆனால் அத்தனை கனமான உருளைகள் அடித்தவுடன் நிற்பதில்லை, சுற்றித்தான் அடங்கும். அதற்குள் கம்பி இறுகியது. நெட்டை கத்தியது மேலே கேட்கவில்லை. வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. அவளுடைய அண்ணன் இடுக்கியோடு ஓடினான். இடுக்கி வழுக்கியதும் அதை வீசிவிட்டுக் கையுறையோடு கம்பியைப் பிடித்து இழுத்தான். கையுறை பற்றிக்கொண்டது. அப்படியும் விடவில்லை. இன்னொருவன் காஸ் கட்டரைக் கொண்டுவந்து கம்பியை இரண்டு இடத்தில் அறுத்தான். நெட்டையைத் தூக்கியபோது முழங்காலுக்குக் கீழே இருந்ததைக் கால் என்று சொல்ல முடியாது.

அவள் படி இறங்கி வருவதற்குள் ஆம்புலன்ஸ் போய்விட்டது. தரையில் தண்ணீரும் கரியும் இரத்தமும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

அந்த ஆலையின் கணினிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அண்ணன் கீழே உருளைகளைச் சரிபார்க்கும் கூட்டத்துக்குத் தலைவன். நெட்டை அண்ணியின் தம்பி, அண்ணனிடம்தான் வேலை கற்றுக்கொண்டான். ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே கூரைக்குக் கீழே. கீழே இருப்பவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பொட்டிக்காரி. அந்தப் பெயரைப் பரப்பியவனே நெட்டைதான்.

பெட்டி என்று அவர்கள் சொன்ன சர்வர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்பு ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கணினி, தனித்தனி அலமாரி. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு ஒரே சர்வருக்குள் நாலைந்து மெய்நிகர் கணினிகளாக வைத்துவிடலாம் என்று மேலிடத்தில் முடிவானது. அதைச் செய்துகொடுத்தவள் அவள். அப்போது ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் நெட்டை டப்பாவோடு மாடிக்கு வந்து நின்றான்.

"பொட்டிக்குள்ள பொட்டியா? அப்ப வெட்டுக்கத்திய யாரு ஓட்டுறது? நிஜப் பொட்டியா, பொய்ப் பொட்டியா?"

"உள்ள இருக்கிற ஒண்ணுதான். கம்பியோட தலை வர்றத சென்சார் பாக்கும். பாத்ததும் இந்த கார்டுக்குச் சொல்லும். கார்டு உடனே கம்ப்யூட்டரத் தட்டும். 'இருக்கிற வேலையப் போட்டுட்டு இதக் கவனி'ன்னு. அதுக்குப் பேரு இன்டரப்ட். தட்டு கெடச்சதும் கத்தி விழும், பிசிறடிச்ச தலைய வெட்டித் தள்ளும்."

"அந்த கார்டு யாரோடது?"

"கார்ட வெட்டுக்கத்தி மெஷினுக்கே நேரா குடுத்தாச்சு. வேற யாரும் தொட முடியாது. தட்டு மட்டும் மொதல்ல வெளிப் பொட்டிக்கு வரும். அது வாங்கி உள்ள அனுப்பும்."

"அதாவது வீட்டு ஓனர் கதவத் தொறக்கணும்."

"ஆமா."

"ஓனர் தூங்கிட்டா?"

"தூங்காது," என்றாள். நெட்டை சிரித்துக்கொண்டே அவள் டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளிக்கொண்டு போனான்.

விபத்து நடந்த அன்று மாலை ஆஸ்பத்திரியில் அண்ணி தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இவள் சுவரில் சாய்ந்தாள். இன்னொன்று விழுந்தது. காதில் விசில் அடித்தது.

"எடுத்துட்டாங்க," என்றாள் அண்ணி. "முட்டிக்கு மேலயே எடுத்துட்டாங்க. பழசு பழசாவே இருந்திருந்தா என்ன கெட்டுப்போச்சு உனக்கு?"

அண்ணன் இரண்டு கையிலும் கட்டோடு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தடுக்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்க்கவுமில்லை.

அவள் வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் மனசு ஆலையிலேயே நின்றது. இதற்கு முன்பும் இரண்டு முறை கம்பி எகிறியிருக்கிறது. சின்ன எகிறல், யாருக்கும் அடிபடவில்லை. வெட்டித் தள்ளிய தலைத்துண்டுகளை அப்போதே பார்த்திருக்க வேண்டும். அன்றைய துண்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கத்தி தலையை வெட்டாமல் தலைக்கு வெகுதூரம் பின்னால் விழுந்திருந்தது. பிசிறடித்த தலை அப்படியே அடுத்த உருளைக்குள் போய்ப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறது. அப்படியானால் தட்டு தாமதமாகப் போயிருக்கிறது. கண் சிமிட்டும் நேரம் போதும், அதற்குள் கம்பி ஒரு அறையின் நீளம் ஓடிவிடும். ஆனால் மற்ற ஆயிரக்கணக்கான கம்பிகளுக்குத் தாமதமே இல்லை. ஏன் சில நேரம் மட்டும்?

மறுநாள் காலையில் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொழிலாளி தடுப்புக்குள் நின்றதால் விபத்து நேர்ந்தது என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒட்டிவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் காரில் கிளம்பிவிட்டார்.

படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் கேட்டபோது அவள் சர்வர் அறையில் இருந்தாள். கதவை எட்டிப் பார்த்தாள். இருபது பேருக்குக் குறையாது. முன்னால் அண்ணன். கட்டுப்போட்ட கையில் கடப்பாரை.

"தள்ளு."

"அண்ணே, நான் சொல்றதக் கேளு."

"தள்ளுன்னு சொன்னேன்."

அவள் கதவை மறித்து நின்றாள். அண்ணன் தோளால் இடித்தான். அவள் சுழன்று விழுந்து, சர்வர் வைத்திருந்த ரேக்கின் இரும்பு விளிம்பில் நெற்றியை மோதினாள். புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. கடப்பாரையின் முதல் அடியில் திரை நொறுங்கியது. இரண்டாவது அடிக்கு அண்ணன் சர்வரைப் பார்த்து ஓங்கினான்.

அவள் தரையிலிருந்தே பேசினாள். "ஒட. ஆனா கத்தி ஏன் லேட்டாச்சுங்கறதுக்கு இந்த ஒரு சாட்சிதான் இருக்கு. இத ஒடச்சிட்டா பலகையில ஒட்டியிருக்கானே, அதுதான் நெசம்னு ஆயிடும். நெட்டை மேலதான் தப்புன்னு ஆயிடும்."

கடப்பாரை மேலேயே நின்றது.

"இவ தப்பிக்கப் பாக்கறா," என்று பின்னாலிருந்து ஒருவன் நுழைந்து சர்வரின் முகத்தில் ஸ்பேனரால் அடித்தான். முகப்புத் தகடு நெளிந்து ஒரு விளக்கு அணைந்தது. மறுபடி ஓங்கினான். அண்ணன் திரும்பிக் கடப்பாரையின் மொட்டை முனையால் அவன் வயிற்றில் குத்தினான். அவன் மடங்கி உட்கார்ந்தான்.

"எவ்வளவு நேரம் வேணும்?" என்றான் அண்ணன்.

"கம்பி ஓடணும். கீழ ஒரு ஆள்கூட இருக்கக்கூடாது."

உலைக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. ஆலையில் யாரும் அவர் பேச்சைத் தட்டுவதில்லை. "கட்டை உள்ள வெந்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றார். "மேனேஜரு வர்றதுக்குள்ள ஓட்டிப் பாத்துடுவோம்."

எல்லாரையும் மாடிக்கு ஏற்றிக் கதவைப் பூட்டினார்கள். கண்ணாடிக்கு வெளியே கனமான இரும்பு வலை இருந்தது. தளம் வெறிச்சென்று கிடந்தது. முதல் கம்பி ஓடியது. கத்தி சரியான இடத்தில் விழுந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒன்றும் ஆகவில்லை. அவள் ஒரு கையால் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் சர்வருக்குள் இருக்கும் கணினிகளை ஒவ்வொன்றாக வேலை வாங்கிப் பார்த்தாள். கத்தி தவறவில்லை.

"நாள் பூரா நல்லாத்தான் ஓடும் போலிருக்கு," என்றான் வயிற்றில் குத்து வாங்கியவன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் பார்வைகள் மாறிவிட்டன. அவர்கள் அவளைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். வியர்வையும் கோபமும் அவள் முகத்தில் பட்டன.

அவள் கீழே பார்த்தாள். ஆளில்லாத தளம். எகிறிய மூன்று முறையும் ஷிப்ட் மாறும் நேரம். ஆட்கள் போவதும் வருவதுமாகத் தளம் நிறைந்திருக்கும் நேரம். கண் மேலே போனது. தூண்களில் புதுக் கேமராக்கள் வரிசையாக இருந்தன.

பழைய இரும்பு திருடுபோகிறது என்று மேனேஜர் மாட்டியவை. மாட்டுவதற்கு முன் அவளிடம்தான் கேட்டார், "நம்ம சர்வர்ல இடம் இருக்கா?" என்று. அவள் அப்போது டிஸ்கைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் "இருக்கு" என்றாள். அவர் வெளியாட்களை வைத்து அந்தச் சர்வரிலேயே நிறுவிக்கொண்டார். அவை ஆள் அசைந்தால் மட்டுமே பதிவு செய்கிற கேமராக்கள். அசைவில்லாவிட்டால் சும்மா இருக்கும்.

அவள் விசைப்பலகையை இழுத்து, கார்டின் தட்டல் சர்வருக்குள் மூளை மாதிரி வேலை பார்க்கும் கோர்களில் எந்தக் கோருக்கு வருகிறது என்று பார்த்தாள். கேமராப் பதிவுகளை டிஸ்கில் எழுதுகிற வேலை எந்தக் கோரில் நடக்கிறது என்று பார்த்தாள். இரண்டும் ஒன்றேதான். புது ரகச் சர்வர் என்றால் தட்டு நேராக உள்ளே போய்விடும். இவர்கள் வாங்கியது அந்த ரகமில்லை.

"என்ன?" என்றான் அண்ணன்.

"நம்ம ஆளுங்க நடந்தா கேமரா முழிச்சுக்குது. எல்லாக் கேமராவும் ஒண்ணா முழிச்சா பொட்டி அத எழுதுறதுல மாட்டிக்குது. அந்த நேரம் பாத்துத் தட்டு வந்தா, காக்க வைக்குது."

அண்ணன் கதவை நோக்கி நடந்தான். "நான் போய் நடக்கறேன். நீ கம்பிய விடு."

"போனா நானும் வருவேன்," என்றாள். "உக்காரு. ஆள் வேணாம். அசைஞ்சாப் போதும்."

உலையை நிறுத்தி வைத்தார்கள். தளத்தில் காற்றுக்காக நிறுத்தியிருந்த பெரிய மின்விசிறிகளை ஒவ்வொரு கேமராவின் எதிரிலும் இழுத்து வைத்து, முன்னால் கயிறு கட்டி, லாக்கரிலிருந்த பழைய வேலைச் சட்டைகளை மாட்டினார்கள். விசிறிகளைப் போட்டதும் சட்டைகள் உப்பி, கைகளை ஆட்டின. தளம் முழுக்க ஆட்கள் நிற்பதுபோலிருந்தது. பார்த்தவர்களில் ஒருவன் "ஐயோ" என்று மெல்லச் சொன்னான். எல்லாரும் மாடிக்குத் திரும்பினார்கள்.

முதல் கம்பி தப்பித்தது. இரண்டாவதும் தப்பித்தது.

மூன்றாவது கம்பியின் தலை சென்சாரைத் தாண்டியதை அவள் பார்த்தாள். கத்தி அசையவில்லை. தலை கடந்துபோன பிறகு விழுந்தது. அடுத்த நொடி உருளைக்கு முன்னால் சிவப்பாக ஒரு கொத்து கிளம்பியது. கூரை விளக்கை இடித்து நொறுக்கியது. திரும்பித் தளத்தின் குறுக்கே பாய்ந்து, ஆடிக்கொண்டிருந்த சட்டையொன்றின் மார்பில் நுழைந்து முதுகில் வெளியேறி, பின்னால் இருந்த விசிறியைச் சாய்த்தது. சட்டை எரிந்தது. இன்னொரு சுருள் கன்ட்ரோல் ரூமின் வலையில் வந்து மோதி, கண்ணாடி விரிசல் விட்டது. முன்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

அடங்கியதும் உள்ளே ஒருவன் அழுதான். ஸ்பேனரால் சர்வரை அடித்தவன்தான்.

மேனேஜரின் கார் அந்த நேரத்தில் வந்தது. புகையைப் பார்த்துவிட்டு அவர் மேலே ஓடிவந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரர்தான்.

"சரி, எல்லாரும் கீழ போங்க. நான் இவங்ககிட்ட தனியாப் பேசணும்," என்றார். அவர்கள் எரிந்த சட்டையைப் பார்க்க இறங்கினார்கள். சர்வர் அறைக்குள் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"கேமராவ நிறுத்திடுவோம். பிரச்சினை தீர்ந்துடும்ல?"

"தீர்ந்துடும்."

"அப்ப அதோட விடுங்க. அந்தப் பையன் விஷயம் எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். இல்லன்னா மொதல்ல மாட்டப்போறது நீங்கதான். இடம் இருக்குன்னு சொன்னது யாரு?"

"நான்தான். அதையும் சொல்லத்தான் போறேன்."

அவர் ரேக்கின் பக்கம் போய்ப் பதிவுகள் இருந்த டிஸ்க்குகளைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். முதலாவது கையோடு வந்துவிட்டது. அவள் இரண்டாவதைப் பற்றிக்கொண்டாள். "விடு," என்றார். மரியாதை போய்விட்டது. அவள் விடவில்லை. அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தார். குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அவள் அலறினாள்.

கதவு உள்ளே வந்து விழுந்தது. அண்ணன் மேனேஜரைச் சட்டைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி ரேக்கில் மோதினான். கட்டுப்போட்ட கையாலேயே குத்தினான். கட்டு அவிழ்ந்து, வெந்த தோல் உரிந்து, எந்த இரத்தம் யாருடையது என்று தெரியவில்லை. மேனேஜர் கீழே விழுந்த பிறகும் விடவில்லை. மார்பில் மண்டியிட்டு முகத்தில் குத்திக்கொண்டே இருந்தான். பல் ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. மேனேஜரின் கால்கள் முதலில் உதைத்தன, பிறகு லேசாக இழுத்தன.

"அண்ணே, போதும். செத்துடுவான்."

அண்ணனுக்குக் கேட்கவில்லை. அவன் கை கடப்பாரையைத் தேடியது. காலையில் போட்டது அங்கேயே கிடந்தது. எடுத்தான்.

அவள் சுவரிலிருந்த தீயணைப்பு உருளையை உடையாத கையாலும் முழங்கையாலும் கழற்றி, தூக்கி, அண்ணனின் தோளில் இறக்கினாள். காரை எலும்பு முறிந்தது அவள் கைக்கே தெரிந்தது. கடப்பாரை நழுவியது. அண்ணன் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் அவள் ஏதாவது உடைத்துவிட்டு நின்றால் பார்ப்பானே, அதே மாதிரி நம்ப முடியாமல் பார்த்தான். பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். மூன்று பேரும் அந்தச் சின்ன அறையின் தரையில் கிடந்தார்கள்.

போலீஸ் அண்ணனைக் கொண்டுபோனது. விசாரிக்க அரசாங்கத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவள் விரலில் கட்டோடு அவர்களுக்கு எல்லாவற்றையும் காட்டினாள், தான் சொன்ன 'இருக்கு' என்ற ஒற்றை வார்த்தை உட்பட. கேமராக்களைத் தனிக் கணினிக்கு மாற்றி, வெட்டுக்கத்தி கார்டின் தட்டலுக்கென்றே ஒரு கோரை ஒதுக்கி, அதில் வேறெதுவும் ஏறாதபடி பூட்டினாள். மறுபடி சட்டைகளைத் தொங்கவிட்டு நாளெல்லாம் கம்பி ஓட்டிக் காட்டினாள். ஒன்றுகூடத் தவறவில்லை.

"அப்ப இனிமே பிரச்சினை இல்லையே?" என்றார் மூத்த அதிகாரி.

"இல்ல. ஆனா கத்திய இதுக்குள்ள வெக்காதீங்க. நாளைக்கு இன்னொருத்தர் வந்து இடம் இருக்கான்னு கேப்பாரு. இன்னொருத்தர் இருக்குன்னு சொல்லுவாரு."

கத்தி பழையபடி தனிக் கணினிக்குப் போனது. பலகையில் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று ஒட்டினார்கள். மேனேஜர் பிழைத்துக்கொண்டார், ஆனால் திரும்பி வரவில்லை. அவளையும் வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நெட்டை வீட்டுக்கு வந்த வாரம் அவள் போய்ப் பார்த்தாள். அண்ணி கதவைத் திறந்து, வழிவிட்டு, உள்ளே போய்விட்டாள். அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றான். "நான் அன்னிக்குக் கேட்லேருந்து ஓடி வந்தேன். லேட்டாயிடுச்சுன்னு. நான் ஓடுனதாலதான் கேமரா முழிச்சுதா?"

"நீ, அண்ணன், வந்தவங்க, போனவங்க எல்லாரும்தான். தளத்துல ஆள் நடக்காம ஆலை எப்படி ஓடும்?"

அவன் கையிலிருந்த தம்ளரைச் சுவரில் எறிந்தான். அது அவள் காதை உரசிக்கொண்டு போய் விழுந்தது. அவள் நகரவில்லை. அவன் முகத்தை மூடிக்கொண்டு, இல்லாத காலில் பாதம் எரிகிறது என்றான், நாள் பூரா எரிகிறது என்றான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அண்ணி வந்து தம்ளரைப் பொறுக்கினாள். தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "ஞாயித்துக்கெழம ஜெயிலுக்கு உங்க அண்ணனப் பாக்கப் போறேன்," என்றாள். "தோள் கோணலாக் கூடியிருக்காம். நீயும் வர்றியா?"

"என்னப் பாக்கணும்னு சொன்னாரா?"

"சொல்லல. வேணாம்னும் சொல்லல."

"வர்றேன் அண்ணி," என்றாள்.